புத்தகத்துக்குள் போன பிள்ளைக்கு ஒப்பாரி வைத்த கதை

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. (கணக்கு உதைக்கிறதே என்று பார்க்காதீர்கள். எழுத்துத்தான் எனக்குத் தகராறு, கணக்கு சுத்தம்.) அந்த ஆறாவது பிள்ளையை நான் பெறவும் இல்லை, தத்தெடுக்கவும் இல்லை. அவளுக்குப் பசிக்கும், குளிரும், ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் உடம்பு மட்டும் கிடையாது. அவள் ஒரு புத்தகத்துக்குள் இருக்கிறாள். பெயர் மின்னி.

அவளால்தான் ஹட்டன் பஜாரில் ஒரு சனிக்கிழமை என் மானம் கப்பலேறியது. நான் இதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. என் மானம் எனக்கு முன்னால் கப்பலே ஏறிவிட்டது.

அப்போது எனக்கு அறுபத்தொன்பது. இளரத்தம், முன்பின் யோசிக்கத் தெரியாத வயசு.

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனில் இருந்து மேலே. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். தம்பி பிறந்ததும், அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன் (படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்). அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தர்ஷி எழுதுகிறாள். பள்ளிக்கூடத் தமிழில்தான் எழுதுவேன் என்று அடம் பிடிக்கிறாள். எழுதட்டும். பேசுகிறவர்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

படிப்பு இல்லையே தவிர, ஒரு விஷயத்தில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அது ஒப்பாரி. இழவு வீட்டில் நான் போய் உட்கார்ந்தால்தான் அழுகை களைகட்டும். மஸ்கெலியாவில் இருந்துகூட ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். "முத்தம்மா வந்து பாடுவான்னா இன்னைக்கே கண்ண மூடிரலாம்" என்று ஒரு பெரியவர் சொன்னதாகக் கேள்வி. (நானாகச் சொல்லவில்லை, பாக்கியம் சொன்னது.) பாக்கியம் மேட்டு லயத்துக்காரி. (லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு.) நான் முதல் வரி எடுத்தால் அவள் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு இரண்டாம் வரியைப் பிடிப்பாள். மாட்டு வண்டிக்கு இரண்டு மாடு மாதிரி நாங்கள்.

எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தப்பு அடிப்பது மாணிக்கம். கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமி வரவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று எல்லாம் அவன் கையில் இருக்கும். என் குரல் காதில் விழுந்தால் அவன் கை தானாகச் சாவு அடிக்குப் போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் மறந்துபோனேன்.

என் கடைசி மகன் ரவி ஓட்டோ ஓடுகிறான். அவன் மனைவி சுகந்தி, தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர், தர்ஷியின் அம்மா. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, தர்ஷி பிறந்த பிறகும் எங்களுக்குள் பெரிதாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்கு என் சத்தம் ஆகாது, எனக்கு அவள் மௌனம் ஆகாது. வேலை முடிந்து வந்ததும் அடுப்படியின் மூலையில் உட்கார்ந்து எதையாவது எழுதிக்கொண்டே இருப்பாள். ஒரு மழைச் சாயங்காலம், கரண்டும் போய்விட்டது, எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி என்னத்தத்தான் எழுதுற? எம் மேல பொலிசுக்குப் பெட்டிசமா?"

அவள் சிரித்துவிட்டாள். கல்யாணமாகி வந்து அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். "கதை மாமி" என்றாள்.

"கதைன்னா வாயில்லாமயா இருக்கும்? வாசி."

அடுப்பு வெளிச்சத்தில் வாசித்தாள். தோட்டத்துப் பழைய பங்களாவுக்குப் பின்னால் ஒரு நூலகம் பூட்டிக் கிடக்கிறது. மின்னி என்று ஒரு லயத்துச் சிறுமி அதற்குள் போய்விடுகிறாள். அங்கே ஒரு புத்தகத்தைத் தரையில் விரித்து, பக்கத்தின் மேல் காலை வைத்தால், தாள் மண்ணாகிவிடும். அப்படியே நடந்து உள்ளே போகலாம். ஒரு புத்தகத்துக்குள் கடல். இன்னொன்றில் மழை நிலத்திலிருந்து மேலே போகும் ஊர். வேறொன்றில் மரங்கள் வேலைக்குப் போகும், மனிதர்கள் வெயில் காய்ந்துகொண்டு நிற்பார்கள். (அந்த ஊருக்குக் குடி போய்விடலாம் என்று பாக்கியத்திடம் சொன்னேன்.) ஆனால் ஒரு நிபந்தனை. புத்தகம் தானாக மூடிக்கொள்வதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும்.

அந்த மாரிக்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் கேட்கிறது. ஈர விறகின் புகை, கறுப்புத் தேநீர், தர்ஷி என் மடியில். கொழுந்து பறிக்கும் வேலையில் இருந்து நின்று, முழங்கால் தேய்ந்து, தண்ணீர் பிடிக்கும் பீலி வரை போய்வரவே மூச்சு முட்டுகிற நான் அந்த மாரியில் எத்தனை ஊர் சுற்றினேன்! இத்தனை வருசம் ஒரே மலையில் ஏறி இறங்கியவள், உட்கார்ந்த இடத்தில் கடலுக்குப் போய்வந்தேன்.

போய்வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"ஏண்டி சுகந்தி, அந்தப் புள்ள சட்டையோட போறாளே, கம்பளி வேணாமா?"

"அது கடற்கரை மாமி. அங்க குளிராது."

"போறப்ப குளிராது. திரும்பி வர்றப்ப நம்ம ஊருக்குத்தானே வரணும்?"

சுகந்தி யோசித்துப் பார்த்துவிட்டுக் கம்பளிச் சட்டை ஒன்று போட்டுவிட்டாள். அடுத்த நாள் நான் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"காலையில போனவ, பொழுது சாயத்தான் வர்றா. வெறும் வயித்தோடயா? ரெண்டு ரொட்டியக் கட்டிக் குடுத்தா என்ன, ஒன் பேனா தேஞ்சா போகும்?"

"மாமி, இது மாயக் கதை."

"மாயமா இருந்தா வயிறு இருக்காதா?"

அன்றிலிருந்து மின்னி எந்தப் புத்தகத்துக்குள் போனாலும், முதலில் துணியில் இரண்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொள்வாள். தலைக்கு எண்ணெய் வைத்ததும் நான்தான். பேய்கள் இருக்கும் புத்தகத்துக்குப் போனபோது நெற்றியில் விபூதி பூசியதும் நான்தான். பெற்றது சுகந்தி. வளர்த்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கதை முடியப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தை மட்டும் சுகந்தி வாசிக்கவில்லை. எத்தனை தரம் கேட்டாலும், "அது வெளியீட்டு விழாவுல கேளுங்க மாமி" என்று நழுவிவிடுவாள். ஏன் நழுவினாள் என்பது பிறகுதான் புரிந்தது. சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா?

விழா ஹட்டனில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த மண்டபத்தில். லயத்துப் பெண் மந்திரக் கதை எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அதையெல்லாம் கேட்டுக்கொண்டே மூன்று வருடம் எழுதியவள் அவள். கதையைப் பற்றிப் பேச ஒரு பெரிய மனிதர் வருவதாக ஏற்பாடு. அவர் வாயால் நல்லது வந்துவிட்டால் பள்ளிக்கூடங்கள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளும் என்று ரவி சொன்னான். சுகந்திக்கு அந்த ஒரு நாள்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் நடந்தது.

விடிய ரயிலேறினோம். முன்பள்ளிப் பிள்ளைகளின் அம்மாமார், அப்பாயிமார் என்று லயமே கூட வந்தது. விருந்தினரை வரவேற்க மாணிக்கமும் ஆட்களும் தப்போடு வந்தார்கள். நான் பட்டுச் சேலை கட்டி, பெட்டியின் சன்னலோரம் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். சுகந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாமி, ஒன்னே ஒன்னு. கோவிச்சுக்காதீங்க. அங்க வந்து சத்தமா மட்டும் பேசாதீங்க."

"நான் எதுக்குடி பேசப்போறேன்? ஒரு வார்த்த பேசுனா என் பேர மாத்திக் கூப்பிடு."

வாக்கு வாக்குத்தான். இன்றுவரை சொல்கிறேன், அந்த மண்டபத்தில் நானாக ஒரு வார்த்தையும் பேச ஆரம்பிக்கவில்லை. பாடினேன்.

மண்டபத்தில் எனக்கு முன்வரிசை. மேடையின் நடுவில் ஒரு மேசை, அதன் மேல் புத்தகங்களை அடுக்கி மஞ்சள் பட்டால் மூடி, மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் குத்துவிளக்கு. (அந்தக் கோலத்தைப் பார்த்ததுமே எனக்கு என்னவோ போல் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.) விளக்கேற்றினார்கள், வரவேற்றார்கள், ஒருவரை ஒருவர் புகழ்ந்தார்கள். மாணிக்கத்தின் ஆட்கள் வேலை முடிந்து, கீழே கடைக்குப் பின்னால் போய்த் தப்பைத் தீயில் காட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கதையைப் பற்றிப் பேச வந்த அந்தப் பெரிய மனிதர், கண்ணாடி போட்ட ஓர் ஐயா, எழுந்தார். நல்ல குரல். சுகந்தி மேடையில் கை இரண்டையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த நாவலில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்" என்றார் ஐயா. "மின்னி ஒவ்வோர் உலகத்துக்குள் நுழையும் முன்பும் ரொட்டி கட்டிக்கொள்கிறாள். அது கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது. மாய உலகத்தில் ரொட்டிக்கு என்ன வேலை?"

எல்லோரும் சிரித்தார்கள். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பாதி எழுந்தேன். ஆனாலும் வாக்குக் கொடுத்திருக்கிறேனே. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"ஆனால் முடிவு அபாரம்" என்றார் அடுத்து. "புத்தகங்களுக்குள் சிக்கிக்கிடந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, மின்னி கடைசியாக நிற்கிறாள். புத்தகம் மூடிக்கொள்கிறது. காலையில் கதவைத் திறப்பவர்கள், மூடிய புத்தகக் குவியலின் மேல் தலை சாய்ந்து மூச்சில்லாமல் கிடக்கும் சிறுமியைக் காண்கிறார்கள். மின்னி இறந்துவிட்டாள்."

சொல்லிவிட்டு அந்த மனிதர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கதைக்கும் நிசத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை நான். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். காமன் எரிந்து விழுவார். விழுகிறவர் மேட்டு லயத்துச் செல்வராசு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலம் அவரோடு தேநீர் குடித்துவிட்டுத்தான் கூத்துப் பார்க்கவே போயிருப்போம். ஆனாலும் விழுந்ததும் அழுவோம். அழாமல் நின்றால் வேஷம் கட்டினவருக்கு அவமானம். அழுது, அழைத்து, மூன்றாம் நாள் காமனை எழுப்பினால்தான் கூத்து முடிந்ததாகக் கணக்கு. செத்தவரைச் செத்தபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

அதோடு, எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் குரல் அந்த வீட்டுப் பெரியவளுடையது. மருமகளின் பிள்ளை மேடையில் பட்டு மூடிக் கிடக்கிறது. மாமியார் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லயம் முழுக்கப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு என்ன பேசும்? "பேருக்குத்தான் முத்தம்மா. சொந்த மருமக புள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல" என்று பேசாதா?

எழுந்தேன். கொண்டையை அவிழ்த்தேன்.

கொழுந்தாக் கிள்ளு முன்னே – ஏ மகளே
கொப்பொடிஞ்சு சாஞ்சியே
ஏட்டத் தொறக்கப் போயி – ஏ மகளே
ஏட்டுக்குள்ள தூங்கினியே

குரல் அன்றைக்கு எனக்கே ஆச்சரியமாக வந்தது. மண்டபத்துக் கூரை நல்ல கூரை, எங்கள் லயத்துத் தகரம் மாதிரி பாட்டை மழையோடு கலந்துவிடாது. ஐயாவின் கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றது.

மூன்றாவது வரி முடிவதற்குள் பின்னால் நாற்காலி விழுந்த சத்தம். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, பாக்கியம்தான். ஓடி வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். (என்ன ஏது என்று அவள் கேட்கவே இல்லை. பேச்சின்போது தூங்கிவிட்டாளாம். "ஒன் கொரலு கேட்டுச்சு, வந்துட்டேன்" என்றாள் பிறகு.) அவளுக்குப் பின்னால் எங்கள் பெண்கள் எல்லோரும். மேடையேறி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டோம். பாக்கியம் பழக்க தோஷத்தில் குத்துவிளக்கைத் தூக்கி, ஒரு திரியைத் தவிர மற்றதையெல்லாம் அணைத்துப் புத்தகங்களின் தலைமாட்டில் வைத்துவிட்டாள். புத்தகத்துக்குத் தலைமாடு எது, கால்மாடு எது என்று எப்படிக் கண்டுபிடித்தாளோ!

ரவி ஓடி வந்தான். "அம்மா! அம்மோவ்! இது கதைம்மா!"

"கதைன்னா? காமன் கூத்து மட்டும் கதை இல்லையாடா? அதுக்கு மூக்கச் சிந்திச் சிந்தி அழுதியே!"

ஒலிபெருக்கியில் ஒருவர், "தயவுசெய்து அமைதி, தாய்மார்கள் தயவுசெய்து அமைதி" என்றார். ஒப்பாரிக்கு நடுவில் அதுவும் ஒரு வரி மாதிரியே கேட்டது.

அப்போதுதான் கீழேயிருந்து வந்தது மாணிக்கத்தின் தப்பு. சாவு அடி. சூடு காட்டிய தப்பு, கேட்கவேண்டுமா? படியேறி வரும்போதே பஜார் நின்றுவிட்டது. சன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்க் கடைக்காரர்கள் கதவைப் பாதி இழுத்துவிட்டார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். கீழே துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார் பதறிப்போய்ப் படியேறி வந்தார்.

"யாரும்மா மவுத்து? நல்லாத்தானே எல்லாரும் மேல வந்தீங்க! மையித்து எங்க?"

பிணம் எங்கே என்கிறார். பாக்கியம் அழுகையை நிறுத்தாமலே மேசையைக் காட்டினாள். ஹாஜியார் பட்டை விலக்கிப் பார்த்தார். புத்தகம். எங்களைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"சின்னப் புள்ள ஹாஜியார். பதினோரு வயசுதான்" என்றாள் பாக்கியம்.

"அல்லாவே!" என்று அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தைப் பார்த்து ஒரு பொலிஸ்காரரும் வந்தார். "மெருனே கவுத, அம்மே?" என்று என்னிடம் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். செத்தது யார் என்று கேட்கிறார். நானும் மரியாதையாகவே, "பொதே லமயா, மாத்தயா" என்றேன். புத்தகத்துப் பிள்ளை, ஐயா. அவர் எதுவும் எழுதிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார்.

இவ்வளவும் நடக்கும்போது சுகந்தி மேடையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அடுத்த வரியை எடுத்தேன். அது யோசித்து எடுத்ததில்லை. வாய் தானாக எடுத்தது.

அடுக்கடுக்காப் பொத்தகமாம் – ஏ மகளே
அதுக்குள்ள ஒன் வழியாம்
தேடித் திரிய வந்தேன் – ஏ மகளே
தெரியலியே எழுத்தெனக்கு

பாடி முடித்துவிட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒலிபெருக்கிக்காரரும் பேச்சை நிறுத்திவிட்டார். மாணிக்கத்தின் கை மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது.

சுகந்தி எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. கோபமா, அழுகையா என்று தெரியவில்லை.

"மாமி, பேச மாட்டேன்னு சொன்னீங்களே."

"நான் எங்கடி பேசுனேன்?"

"போதும். நிப்பாட்டுங்க மாமி. தயவு செஞ்சு."

"எழுப்பாம எப்படிடி நிப்பாட்டுறது?"

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பெண்களும் அவளையே பார்த்தார்கள். அதில் வேண்டுமென்று அவளைச் சங்கடப்படுத்த நினைத்தவர் ஒருவரும் இல்லை. எழுப்பப்போகிறார்களா, இல்லை இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டுமா, அடுப்பில் உலை வைக்க வேண்டுமே என்ற கவலைதான். சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி. எழுப்புறேன். அடுத்த பொத்தகம் எழுதி எழுப்புறேன். போதுமா?"

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிருங்க டீச்சர்" என்றாள் பாக்கியம்.

சுகந்தி ஒலிபெருக்கியை வாங்கி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "மின்னி திரும்பி வருவா."

மாணிக்கம் சாமி எழுப்பும் அடிக்கு மாற்றினான். பாக்கியம் குலவை போட்டாள். எல்லோரும் குலவை போட்டோம். ஹாஜியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கீழே போனார்.

அந்தக் கண்ணாடி ஐயாவின் நாற்காலி அப்போது காலியாக இருந்தது. எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் சாவு வீட்டில் சாப்பிடக்கூடாது என்ற எண்ணத்திலோ என்னவோ, வடையைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். புத்தகங்கள் அடுக்கினபடியே இருந்தன.

திரும்பும் ரயிலில் சுகந்தி புத்தகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கட்டிக் கொண்டுபோயிருந்த ரொட்டியை எடுத்து நீட்டினேன். அவள் திரும்பவே இல்லை. கொட்டகலையில் வண்டி நின்றபோது ரவி என் காதருகே குனிந்தான்.

"அவ பேசுறதுக்கு ஏற்புரை ஒன்னு எழுதி வச்சிருந்தாம்மா. நாலு நாளா கண்ணாடி முன்னுக்கு நின்னு பாடமாக்கினா. நீங்க பேசவே விடல."

நான் ரொட்டியைத் திரும்பத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

"அதுல மொதல்ல ஒங்க பேருதான் இருந்துச்சு."

காலையில் மகாராணி மாதிரி வந்த அதே பெட்டி. எனக்கு அங்கே கால் வைக்க இடமில்லாமல் போய்விட்டது. தண்டவாளத்து ஓரமாக ஏதாவது ஒரு புத்தகம் திறந்து கிடந்தால் அப்படியே இறங்கி உள்ளே போய்விடுவேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அடுப்படியில் கதை இல்லை. சுகந்தி என்னோடு நேரில் பேசவும் இல்லை. "சோறு இருக்குன்னு மாமிக்கிட்டச் சொல்லுங்க" என்பாள் ரவியிடம், நான் அதே அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது. "எனக்குப் பசிக்கலன்னு சொல்லுடா" என்பேன் நான். ரவிக்கு ஓட்டோ ஓடுவதைவிட இது பெரிய ஓட்டமாக இருந்தது.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? எல்லோர் முன்னாலும் கொடுத்த வாக்கு அல்லவா? பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் சுகந்தியை மறித்து, "புள்ளைய எழுப்பியாச்சா டீச்சர்?" என்றார்கள். மாணிக்கம் தப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று, "எந்த நாளுன்னு சொன்னீங்கன்னா நான் வேற எடத்துக்கு ஒத்துக்காம இருப்பேன்" என்றான். ரவி ஹட்டனுக்கு ஓட்டோவில் போனால் ஹாஜியார் கடையிலிருந்து இறங்கி வருவார்.

"மகன், அந்தப் புள்ள வந்துட்டுதா?"

"இன்னும் இல்ல ஹாஜியார்."

"அப்ப மொதப் பொத்தகத்துல பத்துக் குடு. எந்த வழியா போனான்னு சனங்க கேக்குதுகள்."

சாரங்களுக்கும் சட்டைத் துணிகளுக்கும் நடுவில் மின்னியை அடுக்கி வைத்தார் அந்த மனிதர். "ஒப்பாரி வச்ச பொத்தகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்களாம். பள்ளிக்கூடங்கள் எடுக்கவில்லை. அந்த வருத்தம் சுகந்திக்கு இன்றும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது.

அடுத்த மாரி தொடங்கிய ஒரு சாயங்காலம். நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். சுகந்தி வந்து பழைய மூலையில் உட்கார்ந்தாள். ரவியைத் தேடாமல் நேரே என்னிடம் கேட்டாள்.

"மாமி, அவள எப்படி எழுப்புறது? நானும் எத்தனையோ விதமா எழுதிப் பாத்துட்டேன். வர மாட்டேங்குறா."

தட்டின ரொட்டியைச் சட்டியில் போட்டேன். கையில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே யோசித்தேன்.

"எழுப்பணும்னா மொதல்ல ஒருத்தர் தேடிப் போகணும்."

"யாரு போறது? எந்தப் பொத்தகத்துக்குள்ள இருக்கான்னே தெரியாது. ஆயிரம் பொத்தகம் இருக்கு. நீங்க பாடுன மாதிரிதான். எழுத்துத் தெரியாதவ போனா எப்படிக் கண்டுபிடிப்பா?"

சட்டியில் ரொட்டி கருகுகிற மணம் வந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சட்டியைப் பார்த்தோம். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சுகந்தி பேனாவை எடுத்தாள்.

இரண்டாவது புத்தகத்தில் அந்த நூலகத்துக்கு ஒரு கிழவி வருகிறாள். எழுத்து வாசனையே இல்லாதவள். அலுமாரி அலுமாரியாகப் போய், ஒவ்வொரு புத்தகமாக எடுத்து மோந்து பார்க்கிறாள். ஒரு புத்தகத்தில் உப்புக் காற்று, ஒன்றில் குதிரை வியர்வை, ஒன்றில் மழை. கடைசியில் ஒரு மூலையில், தூசி படிந்த ஒரு புத்தகத்தில், தேங்காய் ரொட்டி மணக்கிறது. கிழவி அதை விரித்து, முழங்கால் வலியோடு காலை உள்ளே வைக்கிறாள். (மாய உலகத்தில் ரொட்டிக்கு என்ன வேலை என்று கேட்ட ஐயா எங்கே இருக்கிறாரோ! நன்றாக இருக்கட்டும்.)

மின்னி எழுந்த அந்தப் புத்தகத்தை எங்கள் லயத்து முற்றத்திலேயே வெளியிட்டோம். சுகந்தி ஏற்புரையை முழுதாகப் பேசினாள். நான் மூச்சுக் காட்டவில்லை. பாக்கியம் தூங்கவில்லை. பிள்ளை வந்த சந்தோசத்துக்கு ஹாஜியார் ஹட்டனில் இருந்து ஒரு சட்டி இனிப்பு வட்டிலப்பம் அனுப்பியிருந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், பரீட்சைக்குப் படிக்கிற புத்தகமாக இருந்தாலும், இன்னொருவர் கட்டாயம் கேட்பார்: "ரொட்டி கட்டிக்கிட்டியா?" படிக்கிறவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு என் பக்கம் திரும்பிச் சொல்ல வேண்டும்: "அப்பாயி, இதுவரைக்கும் யாரும் சாகல." சொல்லாவிட்டால் ரவி என் வாயைப் பொத்த ஓடி வருவான். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பஜாரில் நின்ற கூட்டம் கொஞ்சம் பெரிதாகிறது. நானும் திருத்துவதில்லை.

தர்ஷி, எழுதிட்டியா? எங்க, முதல்லருந்து ஒருதரம் வாசி பாப்போம். ஒங்கம்மாவையும் கூப்பிடு, அவளும் கேக்கட்டும். நடுவுல நான் அழுதாலும் நிப்பாட்டாத. மண்டபத்துக் கதையில நிப்பாட்டிட்டு எந்திரிச்சிப் போயிட்டன்னா அந்தப் புள்ள அங்கயே கெடக்கும். ரொட்டி மணக்குற எடம் வர்ற வரைக்கும் வாசி.